கரடிமொட்டைக்கு வந்த முதல் வேன்

நம்புகிறவர்கள் உட்காரலாம். நம்பாதவர்கள் நின்றுகொண்டே கேட்கலாம். பாதியில் எழுந்து போகிறவர்கள் இப்போதே போய்விடுங்கள். எனக்கு வேலை இருக்கிறது.

என் பெயர் ஆண்டியப்பன். மலை கைடு. எங்கள் ஊருக்கு எதிரே நிற்கிற மலை கரடிமொட்டை. பங்குனி பிறந்தால் சீசன். கீழே வெயில் ஏற ஏற, மேலே வேன் ஏறும். வருகிறவர்களுக்குப் பூ காட்ட வேண்டும். அருவி காட்ட வேண்டும். மொட்டையின் உச்சிக்குக் கூட்டிப்போய், அங்கே நிற்கிற கல்லைத் தொடவைத்து, போட்டோ எடுக்கவிட்டு, கைகால் உடையாமல் இறக்கிவிட வேண்டும். இதுதான் தொழில்.

எங்கள் கைடுகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு. சீசனின் முதல் குரூப் உச்சிக் கல்லைத் தொட்டே ஆக வேண்டும். தொடாமல் திரும்பினால், அந்தக் குரூப்பின் கைடு தன் கம்பைக் கீழே வைத்துவிட வேண்டும். சீசன் முடியும்வரை அடுத்த முறைக்காரனுக்குப் பின்னால் சமையல் அண்டாவைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். யார் ஏற்படுத்திய வழக்கம் என்று கேட்காதீர்கள். தெரியாது. இதுவரை மீறியவன் இல்லை, அவ்வளவுதான்.

இந்த வருஷம் முதல் முறை என்னுடையது. அடுத்த முறை கதிரவனுடையது. கதிரவன் என் மகளைக் கட்டியவன். இப்போது புரிகிறதா? முன்னால் மருமகன் கம்பை ஊன்றிக்கொண்டு. பின்னால் மாமனார் அண்டாவோடு. ஊர் சிரிக்காதா? ஊரை விடுங்கள், என் மகளே சிரிப்பாள்.

முதல் வேன் விருதுநகர் பக்கத்திலிருந்து வந்தது. பள்ளிக்கூட டீச்சர்கள். பரீட்சை முடிந்து, பேப்பர் திருத்தி, முகமெல்லாம் சிவப்பு மை போலிருந்த கூட்டம். வந்த நேரம் மூடுபனி. யூசுப் டீக்கடை வாசலில் நின்றால் யூசுப்பே தெரியவில்லை. கிளாஸ் மட்டும் நீண்டு வந்தது.

கூட்டத்துக்குத் தலைவி ரெஜினா. கணக்கு டீச்சர். ஸ்வெட்டருக்கு மேல் சால்வை, சால்வைக்கு மேல் சந்தேகம்.

"ஐயா, மலை எங்கே?"

"எதிரே."

"தெரியலையே?"

"இருக்கு."

"எப்ப தெரியும்?"

"தெரியிறப்போ."

டீச்சருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. மார்க் போடுகிற கண்ணால் பார்த்தார். பிறகு வேன் டிரைவர் பக்கம் திரும்பினார். "அண்ணே, கீழே புதுசா கம்பியில தொங்கிப் போற பார்க் ஒண்ணு தெறந்திருக்காங்களாமே. அங்கேயாவது போவோம். டீயைக் குடிச்சிட்டு வண்டியை எடுங்க."

மலைக்கு வந்து, ஈரத் துணி மாதிரி கம்பியில் தொங்கப்போகிறார்களாம். போகட்டும். ஆனால் என் தலையில் அண்டாவை ஏற்றிவிட்டா போவது?

கடைத் தூணில் சாய்ந்துகொண்டு கதிரவன் நின்றான். "இன்னிக்குப் பனி விலகாது மாமா. விட்டுருங்க. பாவம், அவங்க லீவு வீணாப் போகுது." எத்தனை கரிசனம்! வாய் அவர்களுக்காகப் பேசியது. கண் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

பங்குனிப் பனி நிற்காது. எனக்குத் தெரியும். ஒரு டீ குடிக்கிற நேரத்தை இரண்டு டீ நேரமாக இழுத்தால் போதும். கம்பைத் தட்டினேன்.

"இதுவா பனி? இதைப் பனின்னு சொன்னா பனிக்கே கோபம் வரும். போன பங்குனியில வந்துச்சு பாருங்க, அது பனி. ஒரு பேங்க் குரூப்பைக் கூட்டிட்டுப் போறேன். பாதி வழியில வேர்த்துருச்சு. துண்டை எடுத்துப் பனியில மாட்டிட்டு நடந்தேன். திரும்பி வர்றப்போ துண்டு அங்கேயே தொங்குது."

ரெஜினா டீச்சர் கிளாஸை இறக்கினார். "பனியில எப்படிங்கய்யா துண்டை மாட்டுவீங்க?"

"ஆணி அடிச்சு."

யாரோ சிரித்தார்கள். டிரைவர் சாவியை மடியில் வைத்தார். நல்லது.

"அண்ணே, அந்த ஆணி என் கடை ஆணி" என்றான் யூசுப், பனிக்குள்ளிருந்து. யூசுப்புக்கு இன்னொரு சுற்று டீ ஓட வேண்டும். அவன் கவலை அவனுக்கு.

"பனி அப்படின்னா, அட்டை எப்படி இருக்கும்? கோடை மழை ஒண்ணு பெஞ்சிருந்துச்சு. சோலைக்குள்ள நுழைஞ்சா, ரத்தம் குடிக்க அட்டைங்க வரிசையில நிக்குது. பேங்க் மேனேஜர் நல்ல உடம்பு. ஒரு அட்டை அவரைத்தான் புடிச்சுது. விட்டுச்சா? விடலை. உப்பு வச்சோம், புகையிலை வச்சோம். மேனேஜர் கால்லயே குடியிருக்கு. குடிச்சுக் குடிச்சு மொதல்ல விரல் தண்டி, அப்புறம் வெள்ளரிக்கா, அப்புறம் சுரைக்கா. மேனேஜர் அதைத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தாரு."

"சுரைக்கா அளவு ரத்தம் போனா ஆளு பிழைப்பாரா?" என்றார் ரெஜினா. கணக்கு டீச்சர்தானே.

"ஆளுக்கு ஒண்ணுமில்ல. அட்டைக்குத்தான் ஆச்சு. மேனேஜருக்குச் சர்க்கரை வியாதி. நாலு எட்டு வச்சதும் அட்டைக்கும் வந்துருச்சு. படபடன்னு நடுங்குது, கண்ணு சொருகுது, தொப்புன்னு விழுந்துருச்சு. மேனேஜர் பாக்கெட்ல இருந்த மிட்டாயை எடுத்து அது வாயில வச்சாரு. அப்புறம்தான் எந்திரிச்சுது."

"அட்டைக்கு ஏதுய்யா கண்ணு சொருகுறது!"

"சொருகினதாலதான் இருக்கிறதே தெரிஞ்சுது."

இப்போது வேனிலேயே உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் இறங்கி வந்தார்கள். பி.டி. மாஸ்டர் ஒருவர், விசில் கழுத்திலேயே. யூசுப் பால் சட்டியை மறுபடி அடுப்பில் ஏற்றினான். கதிரவன் தூணைவிட்டு நிமிர்ந்தான். பனியைப் பார்த்தேன். லேசாகக் கிழிந்திருந்தது. இன்னும் கொஞ்சம் இழுக்க வேண்டும்.

"மாமா, தேன் கயித்தை விட்டுட்டீங்களே" என்றான் கதிரவன். கிண்டல்.

"வர்றேன் மாப்ள. அவசரப்படாதீங்க. இவருக்கு எப்பவும் அவசரம், டீச்சர். கல்யாணத்தன்னிக்கே பந்தியில மொத ஆளு."

கூட்டம் அவனைப் பார்த்துச் சிரித்தது. அவன் மறுபடி தூணில் சாய்ந்தான்.

"சோலையைத் தாண்டினா ஒரு பள்ளம். நேர் செங்குத்துப் பாறை. இறங்கித்தான் அந்தப் பக்கம் ஏறணும். கயிறு கொண்டுபோகலை. பங்குனியில எவன் கயிறு தூக்குவான்? மரமெல்லாம் பூத்துக் கிடக்கு. பாறை விளிம்புல மலைத்தேன் கூடு, மாட்டுவண்டிச் சக்கரம் அகலம். வழியுது. வழியுற தேன் குளிர்ல இறுகி, மேலேயிருந்து கீழே வரைக்கும் ஒரே கம்பியாத் தொங்குது. புடிச்சு இறங்குங்கடான்னேன். இறங்கிட்டோம்."

பி.டி. மாஸ்டர் விசிலை வாயில் வைத்து எடுத்தார். "தேன் கையில ஒட்டாதா?"

"ஒட்டுச்சு. அதனாலதான் ஒருத்தரும் விழலை."

"எறும்பு?"

"மேலேயிருந்து அதுவும் எங்க கூடத்தான் இறங்குச்சு. அதுக்கும் நான்தான் கைடு."

"சரிங்கய்யா, தேனீ சும்மா விடுமா?" என்றார் ரெஜினா.

"தேனீ சாது. கேஷியர்தான் ஆபத்து. அவரைக் கடைசியா இறங்க விட்டேன், அதான் நான் பண்ணின தப்பு. மேலே இருந்து கயித்தை நக்கிக்கிட்டே இறங்கறாரு! அவரு இறங்க இறங்கக் கயிறு காணாமப் போகுது. நாங்க கீழேயிருந்து கத்துறோம், 'நக்காதேய்யா, நக்காதேய்யா.' வாயில தேன் இருந்தா காது கேக்குமா? அவரு கால் தரையில பட்டதும் கயிறு மொத்தமும் அவரு வயித்துல."

இதற்கு யூசுப்பே அடுப்பை விட்டு வந்துவிட்டான். டிரைவர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானும் மாட்டிக்கொண்டார். ஒரு டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்புறம் எப்படித் திரும்பி ஏறுனீங்க?" என்றார்.

"ஏறலை. படுத்தோம்."

"என்னது?"

"களைப்பு. அந்தப் பள்ளத்துலயே பெரிய கூடாரம் அடிச்சோம். காத்து பலமா இருந்துச்சு. கூடாரக் கயித்தைப் பக்கத்துல கிடந்த ஒரு கறுப்புப் பாறையில இறுக்கிக் கட்டினேன். எல்லாரும் உள்ளே படுத்துட்டாங்க. விடிஞ்சு பார்த்தா பள்ளத்தைக் காணோம். கூடாரம் கரடிமொட்டை உச்சியில நிக்குது. பாறை பக்கத்துல நின்னு புல்லு மேயுது."

ஒரு நொடி யாருக்கும் ஓடவில்லை. பிறகு பி.டி. மாஸ்டர் தொடையில் அடித்தார். "காட்டுமாடு!"

"காட்டுமாடுதான். ஆளையும் கூடாரத்தையும் அப்படியே இழுத்துக்கிட்டு மேலே வந்துருக்கு. மேனேஜர் கொறட்டைகூட நிக்கலை."

"பாறைன்னு நெனச்சு மாட்டுல கட்டிட்டீங்க" என்றார் ரெஜினா. தப்பைக் கண்டுபிடித்த சந்தோஷம். "பெரிய கைடு!"

"யாரு நெனச்சா? மாடுன்னு தெரிஞ்சுதான் கட்டினேன். அதுக்குப் பேருதான் கைடு."

ரெஜினா டீச்சர் சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்தார். அதுவும் தோற்றது. பனி இப்போது பாதி கரைந்திருந்தது. மரங்கள் தெரிய ஆரம்பித்தன. இன்னும் ஒரே ஒரு இழுப்பு. உச்சியில் ஏறி நிற்க இவர்களுக்கு ஆசை வர வேண்டும். அங்கேதான் நான் மூச்சை நன்றாக இழுத்தேன்.

"அந்த உச்சியிலேயிருந்து பார்த்தா என்ன தெரியும்னு சொல்லவா? கல்லைத் தொட்டுக்கிட்டு நில்லுங்க. கிழக்கே கடல். அலை மட்டுமில்லை, அலையில கால் நனைக்கிறவங்க கொலுசு தெரியும். மேற்கே கேரளா. அவங்க சமையல்ல உப்பு கூடவா குறையவான்னு மூக்கை நீட்டினாத் தெரியும். மேகம் இடுப்பு அளவுக்குக் கீழே. ஒதுக்கித்தான் நடக்கணும். மேனேஜர் கல்லைத் தொட்டுட்டு, 'எனக்கு மாறுதலே வேண்டாம், இங்கேயே ஒரு கிளை தெறங்க'ன்னு அழுதாரு."

"தெற்கே?" என்றார் ரெஜினா. குரலில் கணக்கு இல்லை. ஆசைதான் இருந்தது.

"தெற்கே உங்க ஊரு. உங்க பள்ளிக்கூடம். ஜன்னல் வழியா ஹெட்மாஸ்டர் ரூம் தெரிஞ்சுது. மேசை மேல காலை நீட்டிக்கிட்டு, வாயைத் தெறந்து தூங்குறாரு."

டீக்கடை வெடித்தது. ரெஜினா டீச்சர் சால்வையால் வாயை மூடிக்கொண்டார். "ஐயா, நீங்க சொன்னதுல அது ஒண்ணு மட்டும் சத்தியமா உண்மை!"

அப்போதுதான் பனி விலகியது.

திரையை இழுத்த மாதிரி, எல்லாம் ஒரே வீச்சில். எதிரே கரடிமொட்டை. பச்சை. சரிவெல்லாம் சிவப்பாகப் பூத்த மரங்கள். உச்சியில் அந்தக் கல். நான் கம்பை ஊன்றி எழுந்தேன். கதிரவன் முகம் விழுந்தது. ஜெயித்தாயிற்று.

"கிளம்புங்க" என்றேன். "அதான் மலை."

எல்லோரும் பார்த்தார்கள். ரொம்ப நேரம் பார்த்தார்கள். யாரும் நகரவில்லை.

"இதுவா?" என்றார் ரெஜினா.

"இதுதான்."

"நீங்க சொன்னது இதைவிடப் பெரிசால்ல இருந்துச்சு?"

பி.டி. மாஸ்டர் கையை நெற்றியில் வைத்து அளந்தார். "எங்க ஸ்கூல் பின்னாடி இருக்கிற பாறையே இதுல பாதி வரும்போல, டீச்சர்."

"இதுல ஏறினா ஹெச்.எம். ரூம் தெரியும்னு தோணலையே" என்றார் கண் துடைத்த டீச்சர். "அதான் ஐயா மொத்தமாச் சொல்லிட்டாரே. நேரில பார்த்தா அதுவும் கெட்டுப்போகும். மூட்டு வலிதான் மிச்சம்."

எனக்கு வியர்த்தது. துண்டை மாட்டப் பனியும் இல்லை.

"டீச்சர், கேளுங்க. பனியில நனைஞ்சா மலை சுருங்கும். பருத்திச் சேலை மாதிரி. இப்பத்தான் வெயில் படுது. கொஞ்சம் காயட்டும், விரியும்."

ரெஜினா டீச்சர் கிளாஸை யூசுப்பிடம் கொடுத்தார். வேன் படியில் ஒரு கால் வைத்தார். பிறகு திரும்பி, மிகுந்த மரியாதையோடு சொன்னார்:

"சரிங்கய்யா. விரிஞ்சதும் ஒரு போன் போடுங்க. வர்றோம்."

வேன் போய்விட்டது. கம்பியில் தொங்க. ஜன்னல் வழியாக எல்லோரும் கை காட்டினார்கள். சிரிப்புச் சத்தம் வளைவுவரை கேட்டது.

யூசுப் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கம்பைக் கீழே வைத்தேன். கதிரவன் உள்ளே போய் அண்டாவை உருட்டிக்கொண்டு வந்தான். வாய்விட்டுச் சிரிக்கவில்லை. நல்ல பையன்தான். சும்மாடு கட்டத் தன் துண்டையே கொடுத்தான்.

"பார்த்துத் தூக்குங்க மாமா. கனம்."

தூக்கினேன். எவ்வளவு கனம் என்கிறீர்கள்? அதைத் தலையில் வைத்துக்கொண்டு, அடுத்த வேனில் வந்த குரூப்போடு கதிரவனுக்குப் பின்னால் அன்றைக்கே கரடிமொட்டையில் ஏறினேன். முதல் எட்டு வைத்ததும் மலை ஒரு முழம் தரைக்குள் இறங்கியது. உச்சிக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி மலை உள்ளே. அதனால்தான் இப்போது இன்னும் சின்னதாகத் தெரிகிறது.

விருதுநகர்ப் பக்கம் போகிறவர்கள் இதை அந்த டீச்சரிடம் சொல்லிவிடுங்கள்.