சாத்தத் தெரியாத கதவு

தூங்குகிற குழந்தையின் கைக்குள் இருக்கும் கிலுகிலுப்பையை, அது விழித்துக்கொள்ளாமல் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? மூச்சைக்கூட அளந்துதான் விடவேண்டும். ஒரு காலத்தில் பொற்கொடி என்ற ஆராய்ச்சியாளர் இருபத்தெட்டு வருஷம் அப்படித்தான் வேலை பார்த்தார்.

நரம்பு செல் ஒவ்வொன்றும் ஒரு குட்டி வீடு. அதன் சுவரில் கண்ணுக்குத் தெரியாத கதவுகள். கதவு திறந்தால் உப்புத் துகள்கள் உள்ளே ஓடும், நரம்பு பேசும். இமைக்கும் முன்னே கதவு சாத்திக்கொள்ள வேண்டும். ஒரு கதவு மட்டும் அப்படிச் சாத்துவதில்லை. அது இருக்கிற பிள்ளைகளுக்கு வலிப்பு வந்தது.

“எருமையே உள்ளே வந்தாலும் சாத்தமாட்டா இவ!” என்று பக்கத்துக் கதவுகள் கேலி செய்யும். அந்தக் கதவு வாய் திறக்காது.

அன்று பொற்கொடியின் கடைசி வேலை நாள். மறுநாள் பணி ஓய்வு. மருந்துக் குழுத் தலைவர் மெய்யழகன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். “சாயங்காலத்துக்குள்ள ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்க மேடம். இல்லேன்னா அந்தக் கதவையே அடைச்சிடற மருந்துதான்.” அடைத்தால் வலிப்பு நிற்கும். கூடவே வீடும் ஊமையாகிப் போகும்.

கதவின் பேச்சைக் கேட்கக் கண்ணாடிக் குழல் வேண்டும். காலையில் சூடுகாட்டி இழுத்தால், முனை மயிரிழையைவிட மெலிந்து வரும். ஒரு செல்லுக்கு ஒரு குழல்தான். அப்புறம் குப்பைப் பெட்டி. குழலோடு இணைத்த ரப்பர் டியூபை வாயில் கவ்வி, லேசாக ஊதிக்கொண்டே நெருங்க வேண்டும். தொட்டதும் ஊதலை விட்டு, மெல்ல உறிஞ்ச வேண்டும். அப்போதுதான் சுவர் முனையில் ஒட்டும். அன்றைய அவசரத்தில் பொற்கொடி ஆறு தடவையும் வேகமாக உறிஞ்சிவிட்டார். ஆறு சுவரும் கிழிந்தன.

ஏழாவது குழல் குப்பைப் பெட்டியை எட்டிப் பார்த்தது. ‘நானும் பெட்டிக்குத்தானா?’

பொற்கொடி டியூபை எடுத்துவிட்டுத் தனக்குத்தானே சிரித்தார். “ஏண்டி, பசிச்ச பிள்ளை மாதிரி இழுக்கறே?” ஒரு வாய் தண்ணீர் குடித்தார். பிறகு டியூபை மறுபடி கவ்வி, இருந்தும் இல்லாததுமாக ஒரு மூச்சு உறிஞ்சினார்.

குழல் ஒட்டிக்கொண்டது. அதன் முனைக்கு நேரே அந்தக் கதவு.

“நீயும் திட்டத்தானே வந்தே?” என்றது கதவு.

“திட்ட எனக்கு எங்கே வாய் இருக்கு? நான் வெறும் காதுதான் அக்கா. நீ சொல்லு.”

கதவு தயங்கியது. திறந்தது. சாத்தியது. உடனே விரிந்தது. மறுபடி சாத்தியது. மறுபடி விரிந்தது.

“பார்த்தியா? சாத்தாமலா இருக்கேன்? தாழ்ப்பாள் வழுக்குது. மத்தவங்க ஒரு தடவை சாத்தறதுக்குள்ள நான் நாலு தடவை சாத்தறேன்.”

“இத்தனை வருஷமா இதை யார்கிட்டயும் சொல்லலியா?”

“எல்லாரும் மொத்த வீட்டையும் சேர்த்துத்தானே பார்த்தாங்க? அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தா, திறந்தே கிடக்கற மாதிரிதான் தெரியும்.” அதன் குரல் உடைந்தது. “என்னை அடைச்சிடப் போறாங்களாமே?”

 குழல் கேட்டதை ஒன்றுவிடாமல் மேலே திரைக்கு அனுப்பியது.

திரையில் கோடு இறங்கியது, ஏறியது, இறங்கியது, ஏறியது. பொற்கொடி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இத்தனை தடவை சாத்திப் பார்க்கறியா, என் தங்கமே!”

வேலை முடிந்ததும், ஏழாவது குழலை அவர் பெட்டியில் வீசவில்லை, குனிந்து அதற்குள் மெல்லக் கிடத்தினார். கோடு பதிந்த காகிதத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மெய்யழகனின் அறைக்கு நடந்தார்.

“என்ன மேடம், அடைச்சிடலாமா?”

“வேண்டாம் சார். அவ சாத்தத்தான் பார்க்கறா. தாழ்ப்பாளுக்கு மட்டும் கொஞ்சம் கை கொடுங்க.”