மூணாவது கியர்

சிங்காநல்லூர்ப் பக்கம் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தாள் ஜெசிந்தா மேஸ்திரி. ஒருநாள் காலையில் அங்கே ஒருத்தர் வந்து நின்றார். வேட்டி மடித்துக் கட்டு, தலை முக்கால்வாசி நரை, கையில் பை நிறைய ஸ்பேனர்.

"எந்த வண்டிங்ணா?" என்று கேட்டாள் ஜெசிந்தா. அவளுக்கு நாற்பது வயசு இன்னும் எட்டவில்லை.

"வண்டி இல்லீங்க. வேலை கத்துக்க வந்தேன்."

"யாருக்குங்ணா? பையனுக்கா?"

"எனக்குத்தானுங்க. பேரு சென்னியப்பன். கணபதியில லேத்துப் பட்டறை வெச்சிருந்தேன். இப்ப மகன் பாத்துக்கறான்."

"இந்த வயசுல எதுக்குங்ணா இதெல்லாம்?"

"அந்த வயசுல கேக்கறதுக்குப் பயமா இருந்துச்சுங்க."

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பையை வாங்கித் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இதை வீட்டுல வெச்சுட்டு வாங்க. கையை மட்டும் கொண்டாந்தாப் பத்தும்."

அன்றைக்கே அவர் சீடர், அவள் குரு என்று ஆகிப்போனது. வயசு அந்தப் பக்கம், வித்தை இந்தப் பக்கம். அவர் அவளை "மேஸ்திரி" என்பார். அவள் அவரை "சென்னியண்ணா" என்பாள். இரண்டு பேருக்கும் அதில் கூச்சம் இல்லை. பார்க்க வருகிறவர்களுக்குத்தான் கூச்சம்.

ஒரு மழைக்காலம் போய், வெயில் திரும்பின சமயம். லாரியில் ஏற்றி ஒரு வண்டி வந்தது. தார்ப்பாயை விலக்கியதும் சென்னியப்பன் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே போனார்.

சிவப்பு வண்டி. இரண்டே பேர் உட்காரலாம். தரைக்கு முத்தம் கொடுக்கிற உயரம். என்ஜின் முன்னால் இல்லை, உட்காருகிறவர் முதுகுக்குப் பின்னால். அதற்கும் பின்னால் கியர் பாக்ஸ்.

"இது... பிரேமாவதியம்மா வண்டியாச்சே!"

"தெரியுமா உங்களுக்கு?"

"தெரியுமாவா! அரை டிராயர் காலத்துல புளியமரத்துக் கிளையில தொத்திக்கிட்டு நான் பாத்த வண்டிங்க. ஊருக்கு வெளிய, உலகச் சண்டைக் காலத்துல போட்டுட்டுப் போன ஏரோப்ளேன் ஓடுதளம் இருந்துச்சில்ல, அங்க ரேஸ். ஆம்பளைங்க அத்தனை பேரையும் பின்னால விட்டுட்டு இந்தம்மா வருவாங்க. வளைவுல கியர் மாத்தறப்பக் 'கடக்'னு ஒரு சத்தம் வரும் பாருங்க..."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். கண் கலங்கினால் வேட்டி நுனியில் கிரீஸ் துடைக்கிற மாதிரி பாவனை செய்வது அவர் வழக்கம்.

மத்தியானம் பிரேமாவதியம்மாவே வந்தார். எழுபது தாண்டிய மனுஷி. வெள்ளைச் சட்டை, கால்சட்டை. இடது தோளை மட்டும் கொஞ்சம் தூக்கி, அடிபட்ட பறவை மாதிரி வைத்திருந்தார்.

"குளிக்கற ரூம்ல வழுக்கி விழுந்தேன் கண்ணு," என்றார் ஜெசிந்தாவிடம். "தோள்ல தகடு வெச்சிருக்காங்க. வளைவுல எல்லாம் விழாத ஆளு, சோப்புத் தண்ணியில விழுந்தேன். சொல்லவே கேவலமா இருக்கு."

"இப்ப என்ன செய்யுதுங்கம்மா?"

"ஸ்டியரிங் பிடிச்சிருவேன். கியர் ரெண்டாவதுக்கு இழுக்கறதும் ஆகுது. மூணாவதுக்கு முன்னால தள்ளணுமில்ல? அங்க உயிர் போகுது. முதல் கியரை நின்ன எடத்துல ரெண்டு கையாலயும் போட்டுக்கலாம். மூணாவதை ஓடறப்பப் போடணுமே!"

விஷயம் அத்தோடு நிற்கவில்லை. அந்த ஓடுதளத்தில் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய ரேஸ்காரர்கள் கூடி, ஆளுக்கு ஒரு சுற்று போவார்கள். இந்த வருஷம் அது வருகிற வாரம். ஊட்டி ரோட்டில் பெரிய ஓட்டல் வைத்திருக்கிற ஒருத்தர், இந்த வண்டியைக் கேட்டு ஒற்றைக்காலில் நிற்கிறார். ஓட்டல் வாசலில் கண்ணாடி அறை கட்டி, உள்ளே நிறுத்திவைக்க. ஒரு போல்ட் மாற்றியிருக்கக் கூடாது, எல்லாம் ஒரிஜினலாக இருக்கவேண்டும் என்பது அவர் கட்டளை.

"ஞாயித்துக்கெழமை மூணாவது விழுந்தா வண்டி எங்கிட்ட," என்றார் பிரேமாவதியம்மா. "விழலைன்னா அவர்கிட்டக் குடுத்தறேன். ஷெட்டுல கெடந்து துருப்பிடிக்கறதுக்கு, கண்ணாடிக்குள்ளயாவது பளபளன்னு இருக்கட்டும்."

அவர் போனதும் ஜெசிந்தா வண்டிக்கு அடியில் படுத்தாள். சென்னியப்பனும் படுத்தார். கியர் லீவரிலிருந்து ஓர் இரும்புக் கம்பி கிளம்பி, என்ஜினைச் சுற்றிக்கொண்டு, முழங்கால் மாதிரி அங்கங்கே மூட்டு வைத்து, கடைசியில் கியர் பாக்ஸைப் போய்ப் பிடித்திருந்தது.

"இதை எடுத்துட்டு, சைக்கிள் பிரேக்குக்கு இருக்கற மாதிரி வளையற கேபிள் ரெண்டு போட்டுரலாம்ணா. ஒண்ணு இடம் வலம் பாக்கறதுக்கு, ஒண்ணு முன்ன பின்ன தள்ளறதுக்கு."

சென்னியப்பன் கம்பியை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"என்னங்ணா?"

"இந்தக் கம்பி போட்ட சத்தத்தைத்தானுங்க நான் மரத்துல இருந்து கேட்டேன். தேஞ்ச எடத்துக்கெல்லாம் புது புஷ் வளையம் போட்டு, மூட்டெல்லாம் நான் கடைஞ்சு தரேன். வெண்ணெய் மாதிரி போகும்."

"போடுங்க. பாக்கலாம்."

அவர் ராப்பகலாகக் கடைந்து போட்டார். கம்பியில் இம்மி ஆட்டம் இல்லை. பிரேமாவதியம்மா வந்து உட்கார்ந்து, மூணாவதுக்குத் தள்ளினார். லீவர் பாதி தூரம் போனது. அவர் முகம் வெளுத்துப்போனது. தள்ளுவதை நிறுத்திவிட்டு, "வேலை சுத்தமா இருக்குப்பா" என்று மட்டும் சொன்னார்.

அதைக் கேட்பதற்குத் திட்டியிருந்தாலே தேவலை என்றிருந்தது சென்னியப்பனுக்கு.

சாயந்திரம் கம்பியைக் கழற்ற ஜெசிந்தா ஸ்பேனரை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"ஒண்ணு கேக்கட்டுங்களா மேஸ்திரி?"

"கேளுங்க."

"இதைக் கழட்டிட்டா, நான் பாத்த வண்டி அப்புறம் எங்க இருக்கும்?"

ஜெசிந்தா யோசித்தாள். பிறகு சொன்னாள்: "கம்பியைக் கழட்டுங்க. லீவரையும் கழட்டுங்க. நாளைக்கு அம்மாவை வரச்சொல்லுங்க."

"கேட்டதுக்குப் பதிலு?"

"அதான் நாளைக்கு வரச்சொல்றேனே."

மறுநாள் பிரேமாவதியம்மா வண்டிக்குள் இறங்கி உட்கார்ந்தார். பக்கத்தில் பார்த்தார். லீவர் இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது.

"என்ன கண்ணு, பல்லைப் புடுங்கிட்டீங்க?"

ஜெசிந்தா பழைய லீவரின் தலையிலிருந்த மரக்குமிழை மட்டும் அவர் இடது கையில் வைத்தாள். பிறகு, ஏதோ பார்ட்ஸ் வந்த அட்டைப் பெட்டியைக் கிழித்து ஓர் அட்டையை எடுத்து, காதில் செருகியிருந்த பென்சிலோடு பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள்.

"ஒரு சுத்து போய்ட்டு வாங்கம்மா."

"எதுல போறது? காத்துலயா?"

"ஆமாங்கம்மா. உங்க ஓடுதளத்துல. வலிக்காம போங்க."

பிரேமாவதியம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணை மூடினார். அப்புறம் வலது கால் மெல்ல அழுந்தியது. இடது கால் கிளட்சைத் தேடிப் போனது.

"கொடி விழுந்தாச்சு," என்றார். "ஒண்ணு... ரெண்டு. பக்கத்துல அந்த நீல வண்டிக்காரன் முட்டறான், தள்ளிப் போடா அக்கட்டால! பூவரச மரத்து வளைவு வருது. மூணு..."

முழங்கை விலாவோடு ஒட்டியிருந்தது. தோள் அசையவில்லை. குமிழ் பிடித்த கை தொடைக்குப் பக்கத்தில், மணிக்கட்டளவில் மட்டும், முன்னால் போய் நின்றது. ஜெசிந்தா அந்த இடத்துக்கு நேராக அட்டையைப் பிடித்து ஒரு புள்ளி வைத்தாள்.

"கெணத்து வளைவு... திரும்ப ரெண்டு. பின்னாடி வாலை ஆட்டாத, ஆட்டாத... ம், டயர் பிடிச்சுக்கிச்சு. மூணு. நேர் ரோடு. நாலு! இனி எவன் வர்றான்னு பாக்கறேன்..."

புள்ளிகள் விழுந்துகொண்டே இருந்தன. எழுபது தாண்டிய அந்த முகத்தில் காற்று அடிப்பது தெரிந்தது.

சுற்று முடிந்தது. பிரேமாவதியம்மா கண்ணைத் திறந்தார். இரண்டு பெண்களும் சென்னியப்பனைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. இத்தனை நேரமும் வாயால் 'ர்ர்ரூம்' என்று என்ஜின் ஓட்டிக்கொண்டிருந்தது அவர்தான்.

சட்டென்று வாயை மூடினார்.

"நிறுத்தாதப்பா," என்றார் பிரேமாவதியம்மா. "இன்னும் சூடே ஆறல."

ஜெசிந்தா அட்டையைச் சென்னியப்பனிடம் கொடுத்தாள். "லீவர் பழைய எடத்துல வேண்டாம்ணா. இந்தப் புள்ளிக்குக் கொண்டாங்க. ஒரு சாண் பின்னால, அவங்க தொடைப் பக்கமா. கொஞ்சம் உசரமாவும். தள்ளறதுக்கு லேசா இருக்கும்."

"கியர் பாக்ஸ்ல இருந்து அளந்துதானே மேஸ்திரி லீவரை வைக்கணும்?"

"கம்பிக்கு அப்படி. இதுக்குக் கையில இருந்து அளங்க."

லேத்துக்காரர் அளந்தார். லீவர் நிற்க அடித்தகடு கடைந்தார். கேபிள் இழுத்தார். அங்கேதான் தப்பு நடந்தது. முப்பது வருஷம் நேர்கோட்டோடு குடித்தனம் நடத்திய மனுஷன், கேபிளையும் தந்திக்கம்பி மாதிரி விறைப்பாக, நேராக, மூச்சுவிட இடம் இல்லாமல் கட்டிவிட்டார். பார்க்க லட்சணமாக இருந்தது. என்ஜினைப் போட்டதும் வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. போட்டிருந்த கியர் தானாகக் கழன்று வெளியே வந்தது.

சென்னியப்பன் அவசரமாக என்ஜினை நிறுத்தப் போனார். ஜெசிந்தா திட்டவில்லை. ஓடுகிற என்ஜின் மேல் அவர் உள்ளங்கையை எடுத்து வைத்தாள்.

"என்ன பண்ணுதுங்ணா?"

"நடுங்குதுங்க."

"அதை நிறுத்த முடியுமா?"

"ஓடற வரைக்கும் முடியாதுங்க."

"அப்ப அது நடுங்கறதுக்கு எடம் விட்டுக் கட்டுங்க."

அவர் கேபிளை அவிழ்த்தார். சைலன்சர் சூடு படாமல் ஒதுக்கி, கோயில் மாலை தொங்குகிற மாதிரி தாராளமாக வளைத்து, இரண்டு முனையையும் மட்டும் இறுக்கிக் கட்டினார். என்ஜின் குலுங்கியது. கேபிள் கூடவே ஆடியது. கியர் அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. ஓடுதளத்தில் புல் முளைத்துக் கிடந்தது. பழைய ரேஸ்காரர்கள் தொப்பை, கைத்தடி, பேரன் பேத்தியோடு வந்திருந்தார்கள். ஓட்டல்காரரும் வெள்ளை ஜிப்பாவில் வந்திருந்தார். ஜெசிந்தா கூப்பிட்டும் சென்னியப்பன் உள்ளே வரவில்லை. வேலிக்கு வெளியே, புளியமரத்துக்குக் கீழே போய் நின்றுகொண்டார். ஏறத்தான் முடியவில்லை.

கொடி விழுந்தது. சிவப்பு வண்டி கிளம்பியது. ஒன்று. இரண்டு. பூவரச மரம் இப்போது வெறும் அடிக்கட்டை. அதன் பக்கத்தில் வண்டி வந்ததும் என்ஜின் சத்தம் ஒரு நொடி இறங்கியது.

சென்னியப்பன் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார். அந்தக் 'கடக்' வரவில்லை.

சத்தம் திரும்ப ஏறியது. மூணாவது விழுந்துவிட்டது. வண்டி வேலியோரமாகப் பறந்தது. அந்த வேகத்திலும் பிரேமாவதியம்மா புளியமரத்தைப் பார்த்து, "ர்ர்ரூம்!" என்று வாயால் கத்திவிட்டுப் போனார். சென்னியப்பன் வேட்டி நுனியை எடுத்து, கையில் இல்லாத கிரீஸைத் துடைத்தார்.

வண்டி வந்து நின்றதும் கூட்டம் சூழ்ந்தது. ஓட்டல்காரர் முன்னால் வந்து உள்ளே குனிந்தார். லீவரைப் பார்த்தார். பின்னால் போய் மூடியைத் திறக்கச்சொல்லி, கேபிளைப் பார்த்தார்.

"என்னங்கம்மா, ஒரிஜினலைக் கெடுத்துட்டீங்களே!"

"எனக்குக் கெடலீங்க," என்றார் பிரேமாவதியம்மா, இறங்காமலே.

"எனக்கு அந்தப் பழைய வண்டிதாங்க வேணும். அந்தக் காலத்துல ஓடுச்சே, அது. கண்ணாடி ரூம்கூடக் கட்டி முடிச்சாச்சு."

"இன்னொரு சுத்து போய்ட்டு வரேன். நீங்க பொறுமையா வருத்தப்படுங்க."

வண்டி மறுபடி கிளம்பிப் போனது. ஓட்டல்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

சென்னியப்பன் வேலியைத் தாண்டி வந்தார். தோளில் சாக்கில் சுற்றிய ஒரு நீளமான மூட்டை. காலையிலிருந்தே அதைச் சுமந்துகொண்டு அலைந்தார். ஜெசிந்தாவுக்கு முன்னால் வைத்துப் பிரித்தார். பழைய கம்பி. அவர் கடைந்துபோட்ட மூட்டுகள் வெயிலில் மின்னின.

"பழைய இரும்புக்குப் போட மனசு வரலீங்க மேஸ்திரி. வண்டியில திரும்பப் பூட்டவும் வேலை இல்லை. இதை என்னங்க பண்றது?"

தூரத்தில், பூவரச மரத்து வளைவில் சத்தம் இறங்கி ஏறியது. அது அடங்கும்வரை ஜெசிந்தா காத்திருந்தாள். பிறகு ஓட்டல்காரர் பக்கம் தலையை அசைத்தாள்.

"அவர்தானே ஒரிஜினல் கேட்டாரு? நல்லாத் தொடைச்சு அவருக்கே குடுத்து விடுங்ணா. கண்ணாடிக்குள்ள நிக்கறதுக்கு அது பத்தும்."