ஆறாவது வித்தியாசம்

பதிப்பகத்தில் விளக்கையெல்லாம் அணைத்து ஷட்டரை இறக்கிவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில், கிடங்கு அலமாரியில் ஒரு சத்தம் கேட்டது. எழுத்தே இல்லாத சத்தம்.

அங்கே ஒரு காமிக்ஸ் இதழுக்குள் இருந்த தவமணி நிமிர்ந்து பார்த்தாள். அவள் வாழ்கிற காமிக்ஸ் உலகத்தில் எழுத்தில்லாமல் எந்தச் சத்தமும் வராது. கதவு உடைந்தால் தலைக்கு மேல் சிவப்பில் ‘டமால்’ என்று வரும். கண்ணாடி உடைந்தால் ‘சிலீர்’. அவள் அலறினால்கூட முள்ளு முள்ளாக ஒரு கட்டத்துக்குள் ‘வீல்’ என்று வந்துவிடும். இதுவோ, ஏதோ வழவழவென்று ஊர்ந்து கிட்டே வருகிற சத்தம், எழுத்தைக் காணோம். குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

தவமணியின் கணவன் சூறைமாறன். அப்பாக்கள் படித்து, பிள்ளைகள் படித்து, இப்போது பேரப்பிள்ளைகளும் படிக்கிற சூப்பர் ஹீரோ. நீலச் சட்டை, காற்றில் படபடக்கிற மேலங்கி. அவன் கதை எல்லாமே ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். கரிமுகன் என்கிற வில்லன் வீட்டுக் கதவை உடைத்து உள்ளே வருவான். தவமணியையும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு போவான். கடைசிப் பக்கத்தில் சூறைமாறன் பறந்து வந்து மீட்பான். அடுத்த மாதம் மறுபடியும் அதே கதவு, அதே கரிமுகன்.

“யாரு?” என்றாள் தவமணி.

“நான்தான் அண்ணி. சூறைமாறன் ரசிகர் மலர். நாளைக்கு அச்சுக்குப் போறேன். மாதிரிப் பிரதியை இங்கே வச்சிட்டுப் போனாங்க.” மலர் பளபளவென்று பக்கத்தில் வந்து சாய்ந்துகொண்டது. “பயந்துட்டீங்களா? ஆர்ட் பேப்பர், அண்ணி. நகர்ந்தா இப்படித்தான் வழுக்கும்.”

“நான் எப்போ உனக்கு அண்ணி ஆனேன்?”

“ரசிகர்களுக்கெல்லாம் அவர் அண்ணன். அப்போ நீங்க அண்ணிதானே.”

உறவு சொன்ன கையோடு மலர் தன் பெருமையைப் பேச ஆரம்பித்தது. நடுப்பக்கத்தில் அண்ணனின் பெரிய போஸ்டர். அண்ணனோடு சிறப்புப் பேட்டி. இரண்டு பக்கத்துக்கு அண்ணனின் பூட்ஸ், அன்றும் இன்றும். அண்ணன் தாவிய ஜன்னல்கள்.

“உங்களையும் விடலை. அரைப் பக்கம் இருக்கு. ‘அண்ணி அலறிய அருமையான தருணங்கள்.’”

தவமணி குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். பிறகு, “குழந்தைக்கு என்ன பேரு போட்டிருக்கு?” என்றாள்.

மலர் தன்னைத் தானே புரட்டிப் பார்த்தது. “‘குழந்தை’ன்னுதான் போட்டிருக்கு.”

“ஆணா, பெண்ணா?”

“அது தெரியாம வாசகர் கடிதத்துல ஒரு சண்டையே நடக்குது அண்ணி. படிச்சா விழுந்து விழுந்து சிரிப்பீங்க.”

“சிரிப்பேன். இத்தனை வருஷமா இது கைக்குழந்தை. ஒரு பல்லு முளைக்கலை, ஒரு அடி எடுத்து வைக்கலை. தூக்கித் தூக்கி என் இடுப்பு விட்டுப்போச்சு. பூட்ஸுக்கு ரெண்டு பக்கம் குடுத்திருக்கே.”

மலர் சங்கடத்தோடு முனையை மடக்கிக்கொண்டது. “உங்களுக்கும் ஏதாவது செய்யணும்னுதான் ஆசை. என்ன வேணும், கேளுங்க.”

“கதவுக்கு ஒரு தாழ்ப்பாள்.”

மலர் சிரித்தது. அலமாரியில் இருந்த பழைய இதழ்களும் சேர்ந்து சிரித்தன. பக்கத்துக் கட்டத்தில் சிவப்பாகக் குந்தியிருந்த ‘டமால்’ மட்டும் சிரிக்கவில்லை.

“ஏன்க்கா, தாழ்ப்பாள் போட்டுட்டா என் பொழப்பு என்னாகும்?” என்றது அது. “வருஷக்கணக்கா உன் கதவை நம்பித்தான் இருக்கேன்.”

“உன் பொழப்பு நடக்கணும்னு நான் கதவைத் திறந்து போட்டு உட்காரணுமாடா?”

“திறந்து எங்கே போட்டே? சாத்தித்தான் இருந்துச்சு. நான்தான் உடைச்சேன்.” டமாலுக்கு அதில் ஒரு பெருமை வேறு.

மை காயாத ஒரு நிப்பு, மலரின் பக்கங்களுக்கு நடுவே செருகிக் கிடந்தது. ஓவியர் மறந்து வைத்துவிட்டுப் போனது. தவமணி அதைப் பார்த்துக் கேட்டாள். “நீயாவது சொல்லு. வீட்டுக்கு ஓடு போட்டே, ஜன்னலுக்குத் திரை போட்டே, வாசல்ல பூந்தொட்டி வச்சே. ஒரு தாழ்ப்பாள் போட உனக்குக் கை வரலையா?”

“என்னைக் கோவிச்சு என்ன பிரயோஜனம்?” என்றது நிப்பு. “கதையில கதவை எப்பவும் வெளியில இருந்துதானே வரையச் சொல்றாங்க. கரிமுகன் வர்ற பக்கம், அண்ணன் வர்ற பக்கம். தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கிற சாமான். அங்கே நின்னு பாருன்னு எந்தக் கதையிலயும் யாரும் என்கிட்ட சொன்னதில்லை.”

“சொன்னாலும் ஆகாது அண்ணி,” மலர் குறுக்கிட்டது. “தாழ்ப்பாள் இருந்தா கரிமுகன் எப்படி உள்ளே வருவான்? அவன் வரலைன்னா அண்ணன் யாரைக் காப்பாத்துவார்? அண்ணன் காப்பாத்தலைன்னா எனக்கு ஏது வெளியீட்டு விழா? கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க.”

அனுசரித்து அனுசரித்துத்தான் அந்தக் கதவுக்கு மரமே மிச்சமில்லை. தவமணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் மலர் தானாகப் புலம்ப ஆரம்பித்தது. “எனக்கும் ஒரு தலைவலி இருக்கு அண்ணி. கடைசிப் பக்கம் முடியலை. ‘ஆறு வித்தியாசங்களைக் கண்டுபிடியுங்கள்’. சின்னப் பசங்க முதல்ல புரட்டுற பக்கம் அதுதான். அஞ்சு ஆச்சு. ஆறாவது எங்கே போடறதுன்னு தெரியாமத்தான் ஓவியர் எழுந்து வீட்டுக்குப் போயிட்டார்.”

தவமணி எட்டிப் பார்த்தாள். ஒரே மாதிரி இரண்டு படங்கள். இரண்டிலும் அவள் வீடு, ஆனால் உள்பக்கம். கூடத்தில் அவள் நிற்கிறாள், இடுப்பில் குழந்தை. வாசல் கதவு பாதி திறந்திருக்கிறது. வலது படத்தில் மட்டும் டம்ளருக்கு விளிம்பில்லை, திரைச்சீலையில் ஒரு கோடு குறைச்சல், கடிகாரத்தில் பெரிய முள் நகர்ந்திருக்கிறது, பூனைக்கு மீசை இல்லை.

ஐந்தாவதைப் பார்க்க அவள் இன்னும் கிட்டே குனிந்தாள். வலது படத்தில் குழந்தைக்குக் கீழ் ஈறில் ஒரு பல் இருந்தது. அரிசி மாதிரி, ஒரே ஒரு பல்.

அவள் குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டாள். “ஆறாவது நான் சொல்லட்டுமா? இந்த வலது படத்துக் கதவுல ஒரு தாழ்ப்பாள் போடு. சின்னதா. சட்டுன்னு கண்ணுல படாது, பசங்க திணறுவாங்க.”

மலர் யோசித்தது. கதையில் கேட்டால் தாழ்ப்பாள் கலகம். புதிரில் கேட்டால் வெறும் வித்தியாசம். வட்டம் போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். “அட, இது நல்லாயிருக்கே,” என்றது. “நிப்பு, போடுப்பா.”

நிப்பு நான்கு கோடு இழுத்தது. முதன்முதலாக அந்த வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் வந்தது.

மை காயும்வரை தவமணி காத்திருந்தாள். காய்ந்ததும் தன் கட்டத்தின் ஓரத்துக்கு வந்தாள். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் இருக்கிற வெள்ளையில் அதுவரை யாரும் கால் வைத்ததில்லை. அங்கே தரை உண்டா என்றுகூடத் தெரியாது. குழந்தையின் முகத்தைத் தன் கழுத்தில் புதைத்துக்கொண்டு இறங்கி, மலரின் கடைசிப் பக்கத்துக்கு நடந்தாள். வலது படத்தில் நின்ற தவமணி வெறும் கோடுதான். இவள் போய் நின்றதும் அந்தக் கோடு தைத்து வைத்த சட்டைபோல மேலே பொருந்திக்கொண்டது.

தோளில் சுருக்கென்றது. குழந்தை கடித்திருந்தது.

“அண்ணி, அது புதிர்ப் பக்கம்,” மலர் பதறியது. “அங்கே கதையே கிடையாது.”

“தெரிஞ்சுதான் வந்தேன்.”

அதற்குள் மலரின் அட்டையில் இடுப்பில் கைவைத்து நின்றிருந்த சூறைமாறன் இறங்கி வந்துவிட்டான். மேலங்கி படபடக்க, பாதி திறந்த கதவுக்கு வெளியே நின்றான்.

“தவமணி, இங்கே என்ன பண்றே? கரிமுகன் கிளம்பிட்டான். போய் உன் இடத்துல நில்லு. நான் காப்பாத்த வந்துடுவேன்ல.”

“வந்துடுவீங்க. கதவு உடைஞ்சப்புறம்.”

“உடைஞ்சாத்தானே வர முடியும்?”

“அதைத்தாங்க நானும் சொல்றேன்.” அவள் குரல் உயரவில்லை. “உள்ளே வர்றீங்களா? பூட்ஸைக் கழட்டி வெளியே வச்சிட்டு வாங்க. குழந்தைக்குப் பல்லு முளைச்சிருக்கு, வந்து பாருங்க.”

சூறைமாறன் ஒரு காலைத் தூக்கினான். பிறகு திரும்பி அட்டையைப் பார்த்தான். தான் நின்ற இடம் வெள்ளையாகக் கிடந்தது. மேலே தன் பெயர் மட்டும் தங்க எழுத்தில்.

“விழா நேரம், தவமணி. மலர் மட்டும் வெளியாகட்டும். அப்புறம் கண்டிப்பா…”

குழந்தையை இடது இடுப்பிலிருந்து வலது இடுப்புக்கு மாற்றுகிற நேரம்வரை அவள் அவனுக்காகக் காத்திருந்தாள். தூக்கிய கால் அப்படியே இருந்தது.

தவமணி கதவைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாளைப் போட்டாள்.