பை வரிசையில் நிற்கட்டும்

தெய்வானைக்கா உடுமலைப் பக்கம் மாவு மில் நடத்துகிறவர். தன் இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கூடம் அனுப்பாமல் வீட்டிலேயே கற்க வைத்து ஆளாக்கியவர். அதே வழியில் பிள்ளை வளர்க்கும் ஏழெட்டுக் குடும்பங்களுக்கு அவர்தான் குரு. ஆனால் குரு என்று சொல்லிவிட்டால் அவருக்குப் பொல்லாத கோபம் வரும்.

அந்தக் குடும்பங்களில் நாச்சிமுத்துவைப் போல மெனக்கெட்டவர் கிடையாது. ரேஷன் கடையோ, பல் டாக்டரோ, பஸ் ஸ்டாப்போ, எங்கே காத்திருந்தாலும் ஒன்பது வயது மகள் குயிலிக்கு ஒரு நொடிகூடப் போரடிக்கக் கூடாது என்று பார்ப்பார். அதற்கென்றே ஒரு பை வைத்திருந்தார். சொல் அட்டை, விடுகதைப் புத்தகம், உலக வரைபடம், பூதக்கண்ணாடி எல்லாம் அதில் இருக்கும். மற்ற பெற்றோர் அந்தப் பையைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை அவர் மில்லுக்கு வந்தபோது முகம் செத்துப் போயிருந்தது.

"அக்கா, குயிலி ஸ்கூல்ல சேத்திவிடுங்கறா. திங்கக்கிழமையே போகோணுமாம்."

"ஏனாம்?"

"கேட்டா வாயே தொறக்க மாட்டேங்கறா. மூணு வருசங்கக்கா! மாமனார் வூட்டுல, பங்காளி வூட்டுல எத்தனை பேச்சு வாங்கியிருப்பேன். அவளை ஒரு நிமிசம் சும்மா உக்கார வெச்சதில்லீங்களே."

தெய்வானைக்கா மோட்டாரை நிறுத்தினார்.

"இப்ப எங்க போறீங்க?"

"ரேஷன் கடைக்குங்க. குயிலி வெளிய வண்டிகிட்ட நிக்கறா."

"நானும் அரிசி வாங்கோணும். வாங்க, போலாம்."

கடையில் கைரேகை மெஷின் வேலை செய்யவில்லை. சிக்னல் வந்தால்தான் உண்டு என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். ஜனங்கள் வழக்கம்போல ஆளுக்கொரு பையை வரிசையில் வைத்துவிட்டுப் புங்க மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

நாச்சிமுத்து தோளில் இருந்த பையைத் திறக்கப் போனார். தெய்வானைக்கா அதை வாங்கிக் கொண்டுபோய் வரிசையின் கடைசியில் வைத்தார்.

"அய்யோ அக்கா, அதுக்குள்ளதானுங்க எல்லாம் இருக்குது. சாக்கு வேற கொண்டாந்திருக்கறேன், அதை வைக்கலாங்க."

"அதுவே நிக்கட்டும். நீங்க வந்து உக்காருங்க."

உட்கார்ந்தார்கள். பத்து நிமிடம் போயிற்று. நாச்சிமுத்துவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தலைக்கு மேலே பார்த்தார்.

"குயிலி, இந்தப் புங்க இலையில நரம்பு எப்பிடி..."

தெய்வானைக்கா ஒரு பார்வை பார்த்தார். நாச்சிமுத்து பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

இன்னும் பத்து நிமிடம். பாவம் மனுஷன், தன்னை அறியாமல் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார்.

குயிலி திரும்பிப் பார்த்தாள். "அப்பா, உனக்குமா போரடிக்குது?"

"ஆமாஞ்சாமி. பயங்கரமா அடிக்குது."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரைப் போலவே ஒரு கொட்டாவி விட்டுக் காட்டினாள். அவர் அதைவிடப் பெரிதாக இன்னொன்று விட்டார். எதிரே இருந்த அம்மாளுக்கும் தொற்றிக்கொண்டது. "அட, உங்களால எனக்கும் வருதே!" என்று அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொள்ள, மரத்தடியே சிரித்தது.

சிரிப்பு ஓய்ந்ததும் குயிலி நகர்ந்து வந்து அப்பாவின் மடியில் தலை வைத்துக்கொண்டாள்.

"அப்பா, பக்கத்து வூட்டு ஷாலினி எங்கூடப் பேசறதில்ல."

"எப்ப இருந்து கண்ணு?"

"தீவாளியிலிருந்து."

இது பங்குனி மாதம். நாச்சிமுத்து அவள் தலையைக் கோதிவிட்டார். அவள் மேலே மேலே சொல்லிக்கொண்டே போனாள்.

ஒரு வழியாக மெஷின் வேலை செய்தது. வரிசை நகர்ந்தது.

"இந்தப் பை யாருதுங்க?" என்று கடைக்காரர் கத்தினார்.

"எங்களுதுங்க! பின்னால இருக்கறவங்க மொதல்ல வாங்கட்டும்!" என்று குயிலி படுத்தபடியே பதிலுக்குக் கத்தினாள்.

கடைசி ஆளாக அரிசி வாங்கினார்கள். குயிலி தண்ணீர் குடிக்கக் குழாயடிக்குப் போயிருந்தாள். நாச்சிமுத்து மூட்டையை வண்டியில் கட்டிக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

"ஒரு நாளும் அவளைப் போரடிக்க விட்டதில்லீங்களேக்கா. அப்பறம் எதுக்கு ஸ்கூல் கேட்டா?"

தெய்வானைக்கா சொன்னார்:

"ஸ்கூல்னா நாலு மணிக்கு மணியடிச்சதும் வாத்தியாரு போயிருவாருங்க. அதுக்கப்பறமாவது அப்பா வருவாருன்னு பார்த்திருப்பா."