பஸ் வரும் என்று சொன்னது யார்?

கோணக்கால்பட்டிக்காரர்களைப் பற்றி வெளியூரில் ஆயிரம் சொல்வார்கள். நம்பாதீர்கள். ஆயிரமும் குறைத்துச் சொன்னது.

அந்த ஊருக்குள் பஸ் கிடையாது. உலகம்மாள் கீரைக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தினமும் மெயின் ரோடு வரைக்கும் நடப்பாள். மூட்டுவலிக்காரி, பாவம். ஊர்க்கூட்டத்துக்கு வந்த பஸ் அதிகாரி, பஸ் கண்டிப்பாக வரும், நான் பொறுப்பு என்று மைக்கில் சொல்லிவிட்டுப் போனார். பிறகு போய்க் கேட்டால், நானா சொன்னேன் என்கிறார். நல்லவேளை, கூட்டத்தை செல்போனில் வீடியோ எடுத்திருந்தார்கள். வீடியோவெல்லாம் பார்க்க நேரமில்லை, பேசினதை அப்படியே எழுதி வையுங்கள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருகிறேன், எழுத்தில் இருந்தால் கையெழுத்துப் போடுகிறேன் என்றார் அதிகாரி.

அந்த வெள்ளிக்கிழமை காலையில்தான் ஜெசிந்தா வந்து இறங்கினாள். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. வீடியோவைக் கேட்டுப் பேச்சை எழுதித் தருகிற கருவி ஒன்றை அவர்கள் செய்திருந்தார்கள். அதை ஓட்டுவது மனுஷன் இல்லை, ஏஐ ஏஜென்ட் என்கிற இயந்திர வேலையாள். அதற்கென்று ஒரு கையேடும் எழுதியாயிற்று. கையேடு சரியா என்று யாராவது செய்து பார்க்க வேண்டும். ஏஜென்ட்டுக்குச் சொன்னது மட்டும்தான் புரியும், சொல்லாதது புரியாது. அப்பேர்ப்பட்ட ஆட்கள் எங்கே கிடைப்பார்கள் என்று அவள் விசாரித்த இடத்திலெல்லாம் கோணக்கால்பட்டிக்குத்தான் வழி சொன்னார்களாம்.

"இதுல இருக்கிறதை மட்டும் செய்யணும். சொந்தப் புத்தியை உபயோகிக்கவே கூடாது" என்றாள்.

சொரிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வயசுக்கு இன்றைக்குத்தான் அவனுக்குத் தோதாக ஒரு வேலை வந்திருக்கிறது. அவனும் மச்சான் பேச்சிமுத்துவும், ரிட்டையரான தலையாரி உச்சிமாகாளியும் ஒத்துக்கொண்டார்கள். சோதனைக்கு நம்ம பஸ் வீடியோவையே வைத்துக்கொள்ளலாம், ஒரே வேலையில் இரண்டும் முடியும் என்று பேச்சு. ஜெசிந்தா கையேட்டைக் கொடுத்துவிட்டு, டவர் கிடைக்கிற இடம் தேடி மெயின் ரோட்டுக்குப் போனாள். அங்கேதான் தப்புப் பண்ணினாள்.

காதில் விழுவதை மட்டும் எழுதவும், கண்ணில் படுவதை எழுத வேண்டாம் என்று முதல் பக்கத்தில் இருந்தது. மூன்று பேரும் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு எழுத உட்கார்ந்தார்கள். உச்சிமாகாளி எழுதினதில் பாதி வரி பேச்சிமுத்துவின் வேட்டியில் போய் விழுந்தது. அதையும் கத்தரித்துத் தாளோடு சேர்த்துத் தைத்தார்கள்.

அடுத்தது, பின்னணி இரைச்சலை நீக்கவும். வீடியோவில் மாவு மில் ஓடுகிற சத்தம் கேட்டது. நேரே போய் மில்லை நிறுத்திவிட்டு வந்தார்கள். மில்காரன் திட்டினது தெரு முழுக்கக் கேட்டது. வந்து பார்த்தால் வீடியோவில் மில் இன்னமும் ஓடுகிறது.

"நிறுத்தியாச்சுல்லா, பிறகு எப்படி ஓடுது?" என்றான் பேச்சிமுத்து.

உச்சிமாகாளி வெகுநேரம் யோசித்தார். "இது போன வாரத்து மில்லு. நாம நிறுத்தினது இன்னைக்கு மில்லு."

போன வாரத்துக்குப் போக யாருக்கும் வழி தெரியாததால் அதை அப்படியே விட்டார்கள்.

பிறகு, நீளமான வீடியோவைத் துண்டாக்கி ஒவ்வொரு துண்டையும் தனியாக எழுத வேண்டும். அந்தந்தத் துண்டில் முதலில் கேட்கிற குரல் ஒன்றாம் நபர், அடுத்தது இரண்டாம் நபர். முதல் துண்டு சொரிமுத்துவுக்கு, இரண்டாவது பேச்சிமுத்துவுக்கு. ஒருத்தன் மாட்டுக்கொட்டகையில், ஒருத்தன் மோட்டார் ரூமில். தனியாக என்று போட்டிருந்ததால் இரண்டு பேரும் பேச்சுவார்த்தையையும் நிறுத்திக்கொண்டார்கள்.

இதில் ஒரு சிக்கல். கூட்டத்தன்றைக்கு உலகம்மாளின் ஆடு மைக்குக்குப் பக்கத்தில் நின்று கத்தியிருந்தது. ஆட்டை நபர் என்று எழுதலாமா?

"மனுஷக் குரல்னு போட்டிருக்கா?" என்று கேட்டார் உச்சிமாகாளி. போடவில்லை. எழுதினார்கள்.

நபர்கள் யார் யார் என்று முதல் துண்டைப் பார்த்துத் தலைப்பில் குறிக்கச் சொல்லியிருந்தது. ஒன்றாம் நபர் அதிகாரி, இரண்டாம் நபர் உலகம்மாள் ஆடு என்று குறித்து, இரண்டு துண்டையும் ஒட்டினார்கள். சாயங்காலம் அதிகாரி வந்து தாளை வாங்கிப் படித்தார்.

ஒன்று: உங்க ஊருக்கு பஸ்
இரண்டு: மே
ஒன்று: மே
இரண்டு: கண்டிப்பா வரும், நான் பொறுப்பு.

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அந்த ஊர் பார்த்ததில்லை. "நான் 'மே'ன்னுதான் சொல்லியிருக்கேன். அதுக்குக் கட்டுப்படறேன். பஸ்சுக்குப் பொறுப்பு ஆடு" என்றார். மேல்நடவடிக்கைக்காக ஆட்டுக்கு அனுப்பப்படுகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, சீலும் குத்தினார். அப்போதுதான் திரும்பி வந்த ஜெசிந்தா, இரண்டாம் துண்டில் ஆடு முதலில் கத்தியிருக்கிறது, துண்டு மாறினால் நம்பர் மாறிப்போகிறது, அது கையேட்டில் இருக்கிற கோளாறு, இவர்கள் மேல் தப்பில்லை என்று கெஞ்சிப் பார்த்தாள். எழுத்தில் இருக்கிறதே அம்மா என்று சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் ஏறிவிட்டார். உலகம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது.

"எதுக்கு மதினி அழுகுத? பொறுப்பு நம்ம வீட்டுக்கே வந்திருக்கு" என்றார் உச்சிமாகாளி.

தாளை ஆட்டிடம் பணிவாக நீட்டினார்கள். அது வாங்கித் தின்றுவிட்டது. உச்சிமாகாளி கையெடுத்துக் கும்பிட்டார். இத்தனை வருஷமாக மனு கொடுக்கிறோம், கொடுத்த கையோடு கவனித்தது இவர் ஒருத்தர்தான் என்றார்.

திருத்தின கையேட்டோடு ஜெசிந்தா மறுபடி வந்தபோது, மெயின் ரோட்டுக்குப் போகிற வழியில் உலகம்மாள் எதிரே வந்தாள். தலையில் கீரைக்கூடை, தோளில் ஆடு. சொரிமுத்து ஆட்டுக்கு மட்டும் குடை பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தான். ஆட்டை ஏன் சுமக்கிறீர்கள், அதுபாட்டுக்கு நடக்காதா என்று ஜெசிந்தா கேட்டாள்.

உலகம்மாள் மூச்சு வாங்க நின்றாள்.

"ஊருக்கு பஸ்சே இல்லை, அவுக ஆபீசுக்கு எப்படித் தாயி போவாக?"