கவரி நின்றபோது எழுந்த இருமல்

வெகு காலத்துக்கு முன்பு செங்காணம் என்ற நாட்டை விசயகண்டன் என்ற அரசன் ஆண்டான். நல்லவன் என்றுதான் சொல்வார்கள். சொன்னவர்கள் எல்லாரும் அரண்மனைச் சோறு தின்றவர்கள். அவன் செய்ததை, செய்த வரிசையிலேயே சொல்ல வேண்டும்.

முதலில், ஊர்தோறும் இருந்த வைத்தியர்களை விரட்டிவிட்டு அமுதபாணி என்பவனை நாட்டுக்கு ஒரே ராஜவைத்தியன் ஆக்கினான். அடுத்து, அவன் கேட்பதே கூலி என்றான். மூன்றாவதாக, ஒருநாள் திடீரென்று கருணை பொங்கி, என் நாட்டில் யாரும் மருந்தில்லாமல் சாகக் கூடாது, நோயாளியைச் சேவகர்கள் தூக்கிவந்தாவது மருந்து கொடுக்க வேண்டும், கூலியை வீட்டார் கட்ட வேண்டும் என்று சட்டம் போட்டான். கடைசியாக, கட்ட முடியாதவர்களின் நிலமும் மாடும் வீடும் வைத்தியனுக்கே சொந்தம் என்றான்.

அரசனுக்குக் கவரி வீசும் சிலம்பாயி இந்த வரிசை முழுவதையும் பட்டுத் தெரிந்தவள். மாமனாரின் வயிற்றுவலிக்கு வயல் போயிற்று. புருஷனின் காய்ச்சலுக்கு உழவு மாடுகள் போயின. பின்னாலேயே புருஷனும் போனான். இப்போது மகளுக்கு இருமல். மிச்சமிருப்பது ஒரு கூரை. தெருவில் சேவகர்களின் தடிச் சத்தம் கேட்டால் தலையணையை வாயில் அழுத்திக்கொள்ளும்படி அவள் மகளுக்குச் சொல்லி வைத்திருந்தாள். எந்தத் தாயும் கற்றுக்கொடுக்கக் கூடாத பாடம். ஊரில் எல்லாத் தாய்மாரும் அதைத்தான் கற்றுக்கொடுத்தார்கள்.

அதனால் வைத்தியசாலை காலியானது. அமுதபாணி அதையே பெருமையாக்கிக்கொண்டு, நாட்டில் நோயே இல்லை என்று அரசனிடம் சொன்னான். அரசன் பூரித்துப்போய், 'பிணி வென்ற பெருமான்' என்ற பட்டத்தை அவனுக்குக் கொடுக்க நாள் குறித்தான்.

அன்று அரசவையிலிருந்து கோட்டை வாசல் வரை கூட்டம். சாட்சி சொல்ல ஊர்த்தலைவர்கள் வந்திருந்தார்கள். பட்டயத்தைப் படிக்கக் கட்டியக்காரன் தயாராக நின்றான். அமுதபாணி சிம்மாசனத்துக்கு எதிரிலேயே பெரிய தூபக்காலில் மூலிகைகளைப் போட்டுப் புகை எழுப்பினான். அது அரசன் முகத்தில் அடிக்காமல் சிலம்பாயி கவரியால் விலக்கிக்கொண்டிருந்தாள்.

கிழட்டு மந்திரி ஒருவர், "வைத்தியரே, நோயே இல்லாத நாட்டில் உமக்கு இத்தனை வயல் எப்படி விளைந்தது?" என்று கேட்டார். சபையில் சிலர் மீசைக்குள் சிரித்தார்கள்.

அமுதபாணிக்கு முகம் கறுத்தது. சந்தேகம் இருந்தால் நாளைக் காலையே வீடு வீடாகத் தேடலாம், நோயாளியை ஒளித்து வைத்திருக்கும் வீடு தனக்கே சேர வேண்டும் என்றான். அரசன் அப்படியே ஆகட்டும் என்றான்.

நாளைக் காலை. சிலம்பாயிக்கு வீட்டில் கிடந்த மகளின் நினைவு வந்தது. தலையணை எவ்வளவு நேரம் தாங்கும்? பேசினாலும் வீடு போகும், பேசாவிட்டாலும் போகும். அவள் பேசினாள்.

"மகாராஜா, வீடு வீடாக ஏன் அலைய வேண்டும்? இன்று பொழுது சாயும்வரை இருமுகிறவர்களிடம் வைத்தியக் கூலி வாங்கப்படாது என்று முரசறையச் சொல்லுங்கள். நோய் உண்டா இல்லையா என்பது உட்கார்ந்த இடத்திலேயே தெரியும்."

அரசனுக்கு வேடிக்கையாக இருந்தது. "தெரியாவிட்டால்?"

"என் நாக்கை எடுத்துக்கொள்ளுங்கள்."

முரசு முழங்கியது. கோட்டை வாசல் வரை செய்தி போயிற்று. ஒருவரும் இருமவில்லை. அரசனின் கருணையை முன்பே ஒருமுறை அனுபவித்தவர்கள் அவர்கள். தொண்டையை இறுக்கிக்கொண்டு நின்றார்கள். அமுதபாணி சிரித்தான். பொழுது சாயப்போகிற நேரத்தில் சேவகன் ஒருவன் கத்தியோடு படியேறினான்.

சிலம்பாயி கவரியைக் கீழே இறக்கினாள்.

வைத்தியன் மூட்டிய புகை அப்படியே அரசன் முகத்தில் கவிந்தது. அரசன் ஒருமுறை இருமினான். பிறகு அடக்க முடியாமல், கிரீடம் சரிய, விடாமல் இருமினான். அது முற்றம் முழுக்கக் கேட்டது. அரசனே இருமுகிறான் என்றதும் எங்கோ ஒரு கிழவி இருமினாள். அவளுக்குப் பின்னால் ஒரு குழந்தை. அப்புறம் முற்றம், மதில், லாயம், கோட்டை வாசலுக்கு வெளியே தெரு என்று எல்லா இடமும் இருமியது. காவலர் கையில் ஈட்டிகள் குலுங்கின. இருமித் துப்பிய இடத்தில் ரத்தம் தெரிந்தது. அரசன் வெளிறிப்போனான். இத்தனை நோய்க்கு நடுவிலா இவ்வளவு காலம் தூங்கினோம் என்று நினைத்தான்.

"எல்லாம் புகையால் வந்தது" என்றான் அமுதபாணி.

"தெருவுக்குமா போயிற்று உங்கள் புகை?" என்றாள் சிலம்பாயி.

அவன் நிதானம் இழந்தான். "அப்படியானால் இருமினவர்களை எல்லாம் பிடியுங்கள். ஒருவனுடைய கூலியும் தப்பக் கூடாது."

அந்தச் சொல் காதில் விழுந்த கணத்தில் மொத்த இருமலும் நின்றது. ஒரு முனகல்கூட இல்லை. இருமலைவிட அந்த அமைதி அரசனை அதிகமாகப் பயமுறுத்தியது. பக்கத்தில் நின்ற காவலன் வாய்க்குள் கையைத் திணித்து, கண் பிதுங்க நின்றான்.

"இருமு, நான் சொல்கிறேன்" என்றான் அரசன்.

காவலன் தலையாட்டி மறுத்தான். "வீடு இருக்கிறது மகாராஜா."

அரசன் வைத்தியன் பக்கம் திரும்பினான். "என் முரசைவிட உன் வாய்க்குத்தான் இங்கே மரியாதையா?"

பட்டயம் பறிக்கப்பட்டது. அமுதபாணி எடுத்துக்கொண்ட நிலமும் மாடும் வீடும் உரியவர்களுக்கே திரும்பும். ஊர் வைத்தியர்களும் திரும்புவார்கள். மருந்துச் செலவு இனி அரண்மனையைச் சேர்ந்தது. அமுதபாணி மருந்துப்பையைத் தானே சுமந்து வீடு வீடாகப் போக வேண்டும் என்று உத்தரவாயிற்று. சிலம்பாயிக்கு என்ன வேண்டும் என்று அரசன் கேட்டான்.

"உங்கள் சொல் நாளைக்கு மாறலாம் மகாராஜா. சாட்சிகள் முன்னால் படித்தது மாறாது. கூலியில்லாமல் மருந்து வாங்கப்போகிற முதல் ஆளின் பெயரை இப்போதே படிக்க வேண்டும்."

"யார் அது?"

அந்தப் பெயரை வெளியே விடாமல் காப்பதே இத்தனை காலம் அவள் பிழைப்பாக இருந்தது. சொன்னபின் திரும்ப வாங்க முடியாது. ஊர்த்தலைவர்கள் எழுந்து நின்றார்கள். அவள் கட்டியக்காரன் காதருகே குனிந்து சொன்னாள். அவன் தொண்டையைச் செருமினான். செருமியதற்கே ஒரு கணம் பயந்தான். பிறகு கோட்டை வாசல் வரை கேட்கும்படி படித்தான்:

"சிலம்பாயி மகள் மருக்கொழுந்து."