பானைக்குக் கிடைத்த சிறைவாசம்

சேந்தமலை அரசர் பரிவேந்தருக்குப் போர் சலித்தது. வேட்டை சலித்தது. கவிதையும் சலித்தது, அது அவருக்கு முன்பே சபைக்குச் சலித்திருந்தது. கடைசியில், தம் கையாலேயே அரிசிக்கள் வடிப்பது என்று மடைப்பள்ளிக்குள் நுழைந்துவிட்டார்.

அங்கே கள் வடிக்கும் மருக்கொழுந்து பதறிப்போனாள். "பானையில் ஊறுகாய் வாடை அடிக்குது, மகாராஜா. வெந்நீர் ஊத்திக் கழுவிடலாம்."

"அரண்மனைப் பானை அழுக்காகுமா?"

"கூழாவது ஆறட்டும். சூட்டில் போட்டால் புளிக்கவைக்கிற உறை செத்துப்போகும்."

"ஒரு கூழுக்காக அரசன் காத்திருப்பதா?"

கொதிக்கிற கூழிலேயே உறையைக் கொட்டினார். அதோடு விட்டாரா? நினைத்தபோதெல்லாம் வந்து மூடியைத் திறந்தார். விரலை விட்டுக் கலக்கினார். நக்கிப் பார்த்தார். மறுபடி மூடினார்.

வடை தேடி வந்திருந்த அரசவை விகடகவி தத்தன் ஒரு மூலையில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

கள் சபைக்கு வந்தது. முதல் வாய் குடித்ததும் அரசர் முகம் கோணியது. தலைமை அமைச்சர் உலகுடையார் அதைக் கவனிக்காமல், "அமுதம், மகாராஜா!" என்றார். கவனித்ததும், "அமுதமாக இருந்திருக்க வேண்டியது! உறை கொடுத்த மருக்கொழுந்துதான் கெடுத்துவிட்டாள்!" என்றார்.

"அவளை நாடு கடத்துங்கள்!" என்று கர்ஜித்தார் அரசர்.

மருக்கொழுந்து தூணைப் பிடித்துக்கொண்டாள். தத்தன் அவளைப் பார்த்தான். உண்மையைச் சொன்னால் தன் தலை போகும். சொல்லாவிட்டால் அவள் வாழ்வு போகும். எழுந்தான்.

"குற்றவாளி அவளில்லை, மகாராஜா. பானைதான்!"

"பானையா?"

"உள்ளே நடந்தது அதற்குத்தானே தெரியும்? கேட்டுப் பாருங்கள், வாயைத் திறக்கிறதா? பெரிய ராஜதுரோகி!"

அரசர் மீசைக்குள் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "சரி, என்ன தண்டனை?"

"அமைச்சர் இருக்க நான் சொல்லலாமா?"

விசுவாசத்தில் தத்தனிடம் தோற்பதா என்று உலகுடையார் துள்ளி எழுந்தார். "கொதிக்கிற வெந்நீரை ஊற்ற வேண்டும்!"

"ஒரு தரமா?"

"மூன்று தரம்! பிறகு பத்து நாள் இருட்டறையில் அடைக்க வேண்டும்!"

"கைதிக்கு ஆகாரம்?"

"ஆறிப்போன கூழ்!"

"சரியான தண்டனை. மருக்கொழுந்தே உறையும் சேர்த்து ஊற்றட்டும், புளித்துக் கிடக்கட்டும். பார்க்க ஆள் வந்தால்?"

"ஒருவரையும் விடக்கூடாது!"

"மகாராஜாவே வந்தால்?"

அமைச்சர் அரசரைப் பார்த்தார். அரசருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "தீர்ப்பு என்றால் தீர்ப்புதான். நானே வந்தாலும் கதவைத் திறக்காதீர்கள்!"

மருக்கொழுந்து தலையைக் குனிந்துகொண்டு தண்டனையை நிறைவேற்றினாள்.

மறுநாளே அரசர் சிறைக்கு வந்தார். "சும்மா, ஒரு கண் பார்த்துவிட்டு..."

"தங்கள் ஆணை, மகாராஜா," என்றான் காவலன்.

அதட்டிப் பார்த்தார். கெஞ்சிப் பார்த்தார். ஒருநாள் வளையல் வியாபாரியாக மாறுவேடத்தில் வந்தார். காவலன் விழுந்து கும்பிட்டான். கதவை மட்டும் திறக்கவில்லை.

தண்டனைக் காலம் முடிந்து கதவு திறந்தபோது, வாசனை கொலுமண்டபம் வரை வந்தது. அரசர் ஒரு கிண்ணம் குடித்தார். இன்னொன்றும் குடித்தார்.

"பானை திருந்திவிட்டதே!"

மூன்றாவது கிண்ணம் வாயருகே நின்றது. அரசர் மருக்கொழுந்தைப் பார்த்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தத்தனைப் பார்த்தார். அவன் கூரை உத்தரங்களை எண்ணிக்கொண்டிருந்தான்.

"தத்தா, உண்மையைச் சொல். குற்றவாளியையும் கள்ளையும் கதவு போட்டுப் பிரித்தாயா, இல்லையா?"

"பிரித்தேன், மகாராஜா. குற்றவாளி கதவுக்கு எந்தப் பக்கம் நின்றார் என்பதைத்தான் சபையில் சொல்லவில்லை."

அரசர் சிரித்த சிரிப்பில் கிண்ணத்தில் இருந்த கள் தாடியெல்லாம் வழிந்தது. மோதிரத்தைக் கழற்றித் தத்தனிடம் எறிந்தார். இருட்டறைச் சாவியை மருக்கொழுந்து கையில் வைத்தார்.

"இனி நான் அழுதாலும் கொடுக்காதே!"